நகரமன்றத்தில் ஒரு நாற்காலி

2024 ஜூலைக் கடைசி. பைடன் விலகி, கமலா ஹாரிஸ்தான் நிற்கப்போகிறார் என்று ஆகியிருந்த வாரம். எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு பிறந்தநாள் விருந்தில், ஆண்கள் எல்லோரும் தட்டும் கையுமாகக் கொல்லைப்புறத்தில் நின்று பென்சில்வேனியாவையும் மிச்சிகனையும் அலசிக்கொண்டிருந்தோம். கமலாவின் தாத்தா பி.வி. கோபாலனின் ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டிய படம் ஒவ்வொரு கைபேசியாகத் தாவியது. எந்த மாநிலத்துக்கு எத்தனை எலக்டோரல் ஓட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர்கள் எங்களில் நாலைந்து பேராவது இருந்தார்கள்.

உள்ளேயிருந்து பாயசக் கிண்ணத்தோடு வந்த ஒரு அக்கா இதையெல்லாம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அது சரி, நம்ம ஊரு கவுன்சில்ல அஞ்சு பேரு இருக்காங்களே, அதுல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். ஐந்து பேர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"நான் நிக்கலாம்னு இருக்கேன். இருபது கையெழுத்து வேணும். இங்க யார் யாரு சிட்டிசன்?" என்றார் அக்கா.

அவர் மதுரைப் பக்கம். அக்கவுண்டன்ட். இங்கு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பெயர் வேண்டாம், அக்கா என்றே இருக்கட்டும். ஊரின் பெயரும் வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், ஒரு முனையில் பெட்ரோல் பங்கும் இன்னொரு முனையில் நூலகமும் உள்ள, முப்பதாயிரம் பேருக்கும் குறைவாக வாழும் புறநகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்காக மூன்று மாதம் வீடு வீடாக நடந்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இக்கட்டுரை. தேர்தல் முடிந்து நாளாகிவிட்டது. ஆனாலும் அடுத்த தேர்தல், அதற்கடுத்த தேர்தல் என்று வந்துகொண்டேயிருக்கும் விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

*

முதலில், இந்த மன்றம் என்ன செய்கிறது?

கலிபோர்னியாவில் 480க்கும் மேற்பட்ட நகரங்கள் இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸ் போன்ற சில பெருநகரங்களை விட்டுவிட்டால், பெரும்பாலானவற்றில் ஏற்பாடு ஒன்றுதான். பகுதிநேர உறுப்பினர்களாக ஐந்து பேர். அவர்கள் வேலைக்கு அமர்த்தும் ஒரு நகர மேலாளர். ஊழியர்களையும் அன்றாட நிர்வாகத்தையும் மேலாளர் பார்த்துக்கொள்வார். கொள்கையும் பட்ஜெட்டும் மன்றத்தின் பொறுப்பு. மேயர் பதவி பல ஊர்களில் ஐந்து பேருக்குள் ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றி வரும். நம் ஊரில் மேயர் என்றால் அங்கியும் சங்கிலியும் சுழல்விளக்குக் காரும் நினைவுக்கு வரும். இங்கே எங்கள் மேயரை நான் பலமுறை காய்கறிக் கடையில் பார்த்திருக்கிறேன், அவர்தான் மேயர் என்று தெரியாமலே.

மேலாளர் வைத்து நகரை நடத்தும் இந்த முறை 1908இல் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் என்ற சிற்றூரில் தொடங்கியது. 1913 வெள்ளத்தில் ஒஹாயோவின் டேட்டன் நகரம் மூழ்கி எழுந்தபிறகு, அந்த நகரம் இதே முறையைக் கைக்கொண்டதும் நாடெங்கும் பரவியது. கட்சிக்காரர்கள் தம் ஆட்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கும் கேட்டை ஒழிக்க, நகரத்தை ஒரு கம்பெனி போல நடத்தலாம் என்பது அந்தக் காலச் சீர்திருத்தக்காரர்களின் எண்ணம். மன்றம் என்பது டைரக்டர் போர்டு, மேலாளர் சி.இ.ஓ. கலிபோர்னியாவில் உள்ளூர் தேர்தல் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சிப் பெயர்கூட இருக்காது.

அந்த ஐவர் தீர்மானிப்பவை: எந்தத் தெருவில் என்ன கட்டலாம், குப்பை ஒப்பந்தம் யாருக்கு, காவல்துறை நம்முடையதா அல்லது கவுன்ட்டி ஷெரிஃபிடம் ஒப்பந்தமா, பூங்காவில் கழிவறை கட்டுவதா, எந்தத் தெருமுனையில் ஸ்டாப் சைன் வைப்பது. அவர்கள் தீர்மானிக்காதவற்றில் முக்கியமானது பள்ளிக்கூடம். அதற்குத் தனி வாரியம், தனித் தேர்தல். நான் தட்டிய கதவுகளில் பாதிக்கு மேல் இந்த வித்தியாசத்தை விளக்குவதிலேயே போனது.

சம்பளம்? 35,000 பேருக்குட்பட்ட ஊர்களில் நெடுங்காலமாக மாநிலச் சட்டம் அனுமதித்தது மாதம் 300 டாலர். 2023இல் சட்டம் திருத்தப்பட்டு இப்போது 950 டாலர் வரை கொடுக்கலாம். வளைகுடாப் பகுதியில் இதைக் கொண்டு ஒரு கராஜைக்கூட வாடகைக்குப் பிடிக்க முடியாது. ஆகவே யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால், ஓய்வு பெற்றவர்கள், வீட்டுக் கடன் தீர்ந்தவர்கள், ரியல் எஸ்டேட் தொழிலில் இருப்பவர்கள், அடுத்த பதவிக்கு ஏணி தேடுபவர்கள். கைக்குழந்தையும் இரண்டு வேலையும் உள்ளவர்கள் நிற்பதில்லை. சட்டம் எதுவும் தடுக்கவில்லை, மணிக்கணக்குத்தான் தடுக்கிறது.

*

அக்கா நிற்பதற்குக் காரணம் ஒரு கிராஸ்வாக். தொடக்கப் பள்ளிக்கு ஒரு தெரு தள்ளி, கார்கள் வளைந்து வேகமெடுக்கும் இடம். அங்கே ஒரு காலை, சைக்கிளில் வந்த சிறுவனை ஒரு கார் தட்டிவிட்டுப் போனது. எலும்பு முறிவோடு பிழைத்தான். அக்கம்பக்கத்துப் பெற்றோர் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நகரமன்றக் கூட்டத்துக்குப் போனோம்.

ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு விளக்கு. நான் முந்தின இரவு பன்னிரண்டு மணிவரை எழுதித் திருத்திய உரையை நடுங்கும் குரலில் வாசித்து முடித்தேன். ஐந்து பேரும் பேசாமல் கேட்டார்கள். கடைசியில் மேயர், "நன்றி, அடுத்தவர்" என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்வி இல்லை, ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. தோல் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படி என்று வண்டியில் வரும்போது மனைவியிடம் பொருமித் தீர்த்தேன்.

பிறகுதான் தெரிந்தது. கலிபோர்னியாவில் 1953 முதல் பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தைப் பற்றி மன்றம் விவாதிக்கக் கூடாது, முடிவெடுக்கக் கூடாது. ஐந்து பேரில் மூன்று பேர் தனியாகக் கூடி ஊர் விஷயம் பேசவும் கூடாது. மக்களுக்குத் தெரியாமல் பின்னறையில் காரியம் நடக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அன்று எனக்கு எதிரே இருந்த மௌனம் அலட்சியம் இல்லை, சட்டம். விவரம் தெரிந்தவர்கள் என்ன செய்வார்கள்? கூட்டத்துக்கு முன்பே ஒரு உறுப்பினரை காபிக்கு அழைத்து, தங்கள் கோரிக்கையை நிகழ்ச்சி நிரலில் ஏற்றிவிட்டு, அப்புறம் வந்து பேசுவார்கள். நாங்கள் நேரே மைக்குக்குப் போய்விட்டோம்.

இன்னொன்றும் தெரிந்தது. ஸ்டாப் சைன் வைப்பதற்குப் போக்குவரத்து எஞ்சினியர்களிடம் ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. மணிக்கு எத்தனை வண்டி, பாதசாரிகள் எத்தனை பேர், ஓராண்டில் ஐந்து விபத்து ஆகியிருக்கிறதா என்று பல அளவுகோல்கள். எஞ்சினியரிங்கில் முதுகலை படித்தவன் என்ற முறையில் அளவுகோல் வைப்பதை நான் மதிக்கிறேன். ஒரு குழந்தையின் தகப்பன் என்ற முறையில், இன்னும் நாலு விபத்து நடக்கட்டும் என்று காத்திருக்க என்னால் முடியவில்லை. ஆனால் அந்த நூல் ஸ்டாப் சைனுக்குத்தான் அவ்வளவு கெடுபிடி. பள்ளம் மேடு வைத்து வேகம் குறைப்பது, மினுக்கும் மஞ்சள் விளக்கு வைப்பது போன்றவற்றுக்கு மன்றம் மனது வைத்துப் பணம் ஒதுக்கினால் போதும். இதையெல்லாம் நூலைப் படித்து எங்களுக்குச் சொன்னவர் அக்கா. "பட்ஜெட்டுல பணம் இருக்கு தம்பி. கேக்கத்தான் ஆளு இல்ல" என்றார்.

*

நிற்பது எப்படி என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அவ்வளவு எளிது. நகர எழுத்தரின் அலுவலகத்தில் வேட்புமனு வாங்க வேண்டும். 2024 தேர்தலுக்கு ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 9 வரை அவகாசம். ஊரில் பதிவு செய்த வாக்காளர்கள் குறைந்தது 20 பேர், அதிகபட்சம் 30 பேர் முன்மொழிந்து கையெழுத்திட வேண்டும். வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே தொழிலை மூன்று சொற்களுக்குள் குறிப்பிடலாம். வாக்காளர்களுக்குப் போகும் கையேட்டில் 200 சொல்லில் தன்னைப் பற்றி எழுதலாம், அதன் அச்சுச் செலவு வேட்பாளர் தலையில்.

கணக்குத்தான் கடினம். தன் சொத்து, முதலீடு, வருமானம் எதுவெல்லாம் முடிவுகளைப் பாதிக்கலாம் என்று படிவம் 700இல் சொல்ல வேண்டும். திரட்டிய பணத்துக்கு படிவம் 460. நூறு டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவரின் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் அதில் ஏறும். யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோமே, அதில் குடவோலையைவிட எனக்குப் பிடித்தது வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது. ஆயிரம் வருடம் கழித்து, படிவம் 460ஐ நள்ளிரவில் நிரப்பிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது.

அக்காவின் மனுவில் நான் கையெழுத்துப் போட முடியவில்லை. இங்கே என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் மேற்படிப்புக்கு வந்தேன். படித்து முடித்து ஹெச்-1பியில் வேலை. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று இதைப் படிப்பவர்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கார்டு வந்து, அதற்கப்புறம் ஐந்து வருடம் கழித்தே குடியுரிமைக்கு மனுப் போட முடியும். என் மகள் இங்கே பிறந்தவள், தேர்தலன்று அவளுக்கு ஏழு வயது. நான் போட்டுப் பார்த்த கணக்கில், எனக்கு முன்னால் அவள்தான் ஓட்டுப் போடுவாள்.

வெளிநாட்டவன் என்பதால் மத்திய அரசின் தேர்தல் சட்டம் எனக்கும் பொருந்தும். கிரீன் கார்டு உள்ளவர் நன்கொடை தரலாம், நான் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. பிரச்சாரத்தின் முடிவுகளிலும் பங்கெடுக்கக் கூடாது. ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டனாக நடக்கலாம். ஒரு சனிக்கிழமை தொண்டர்களுக்கென்று மனைவி நாற்பது இட்லி அவித்துக் கொடுத்தனுப்பினாள். அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து ஆசையாகப் பார்த்தார். அப்புறம் மூடிவிட்டார். "இது நன்கொடைக் கணக்குல வருமான்னு தெரியல தம்பி. சந்தேகம்னா வேணாம். நாளைக்கு ஒருத்தன் வாயி திறக்கக் கூடாது." நாற்பது இட்லியையும் நானும் மகளும் இரண்டு நாள் சாப்பிட்டோம்.

*

நடந்தபோது பார்த்தவை.

வேட்பாளர்கள் வாக்காளர் பட்டியலைக் கவுன்ட்டியிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது ரகசியம். போட்டீர்களா இல்லையா என்பது ரகசியமில்லை. எந்தெந்தத் தேர்தலில் போட்டார் என்று பெயருக்கு நேரே வரிசையாக இருக்கும். நம் பெயர்களைப் பட்டியலில் எளிதில் கண்டுபிடித்துவிடலாமே, அதிலும் அப்பா பெயர் பின்னால் வாலாக ஒட்டியிருந்தால். 2020 ஜனாதிபதித் தேர்தலில் குறி இருக்கும். இடையில் வந்த மற்றவற்றில் வரிசையாக வெற்றிடம். ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலை என்னைவிட நன்றாகப் படித்திருப்பவர்கள்தான்.

கதவு திறந்தவர்கள் சொன்னதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: "நமக்கெதுக்குங்க இந்த அரசியலெல்லாம்? வந்தோம், சம்பாதிச்சோம், பிள்ளைங்களைப் படிக்க வச்சோம்னு இருக்கணும்." இவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் வார்டு கவுன்சிலர் என்ற சொல்லுக்கு என்ன மரியாதை என்று நமக்குத் தெரியும். தமிழ்நாட்டு நகரங்களில் 2016இல் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை, தனி அலுவலர்கள்தாம் நடத்தினார்கள். அந்த ஐந்தாண்டுக்கு மேல் எங்கள் அப்பா அம்மா தெருவில் ஒருவரும் அதைப் பெரிய குறையாகப் பேசிக் கேட்டதில்லை. உள்ளாட்சி இல்லாமலும் ஊர் ஓடும் என்ற பாடத்தைப் பெட்டியோடு சுமந்து வந்தவர்கள் நாம்.

இரண்டாம் வகை, அமெரிக்கர்கள் பலர் கேட்டதையே நம்மவர்களும் கேட்டார்கள்: "அந்த அபார்ட்மென்ட் வருதே, அதுக்கு உங்கக்கா ஆதரவா, எதிர்ப்பா?" இதற்குக் கொஞ்சம் பின்கதை வேண்டும். 1978இல் வந்த பிரபோசிஷன் 13 கலிபோர்னியாவின் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தில் கட்டிப்போட்டது. வீடு கைமாறும்வரை மதிப்பு ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. அந்த ஒரு சதவீதத்திலும் பள்ளிக்கும் கவுன்ட்டிக்கும் போக, நகரத்துக்கு வருவது சிறுபங்கு. ஆனால் ஊருக்குள் நடக்கும் விற்பனையில் டாலருக்கு ஒரு சென்ட் நகரத்துக்கு. ஆகவே எந்த மன்றத்துக்கும் கடை வந்தால் வரவு, குடியிருப்பு வந்தால் செலவு. வீடு கட்ட அனுமதிக்காமலேயே ஊர்கள் பல பத்தாண்டுகளை ஓட்டின. வீட்டு விலை எங்கே போய் நிற்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இப்போது மாநில அரசு எட்டு ஆண்டுக்கு இத்தனை வீடு என்று ஒவ்வொரு ஊருக்கும் கணக்குக் கொடுத்து நெருக்குகிறது. எங்கள் பகுதிக்கு நடப்பது 2023 முதல் 2031 வரையான சுற்று. ஒப்புக்கொள்ளும்படியான திட்டம் தராத ஊரில், குறைந்த வருமானத்தாருக்குச் சில வீடுகளை ஒதுக்கும் கட்டடக்காரர் ஊரின் ஜோனிங் விதிகளைத் தாண்டியே அனுமதி கேட்க வழியிருக்கிறது.

எங்கள் ஊரில் மூடிக்கிடந்த ஒரு கடைவளாகத்தில் நாலு மாடிக் குடியிருப்பு வருவதாகத் திட்டம். அதை எதிர்த்து மைக்குக்கு வந்தவர்களில் நம்மவர்கள் கணிசம். போக்குவரத்து நெரிசல், பள்ளியில் இடம், "ஊரின் தன்மை" என்றார்கள். ஐந்து வருடம் முன்னால் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, "இந்த ஊர்க்காரன் புதுசா எவனையும் உள்ள விடமாட்டான்" என்று திட்டியவர்களும் அதில் உண்டு. எனக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்க வாயில்லை. 2019இல் வீடு வாங்கியவன் நான். என் சேமிப்பு முழுக்க அந்த நாலு சுவரில் இருக்கிறது. விலை இறங்கும் என்று யாராவது சொன்னால் எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

அக்கா மழுப்பவில்லை. "வரட்டும். நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வர்றாங்க. அவங்களும் இந்த ஊர்ல இருக்கட்டுமே" என்று கதவுக்குக் கதவு சொன்னார். வேண்டாம் அக்கா, 'பரிசீலிக்கலாம்' என்று சொல்லுங்கள் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. முடிவுகளில் பங்கெடுக்கக் கூடாது என்ற சட்டத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். சட்டம் அன்று என்னை ஒரு கோழைத்தனத்திலிருந்து காப்பாற்றியது.

மூன்றாம் வகை என்னைப் போன்றவர்கள். ஆர்வமாகக் கேட்பார்கள், கிராஸ்வாக் எந்த இடம் என்று தெரிந்து வைத்திருப்பார்கள், கடைசியில், "நான் ஹெச்-1பிங்க" என்பார்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்து மூன்று வீடு இப்படி. மூன்றிலும் சொத்து வரி கட்டுகிறார்கள், மூன்று வீட்டுப் பிள்ளைகளும் அந்தத் தெருவைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

*

இந்த மூன்றாம் வகையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன்.

குடியுரிமை இல்லாதவருக்கு ஓட்டு என்பது கேட்கவே விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அது நடைமுறையில் இருந்தது. கடைசியாக விலக்கிக்கொண்டது ஆர்கன்சாஸ், 1926இல். மேரிலாந்தின் டகோமா பார்க் என்ற புறநகரில் 1990களின் தொடக்கத்திலிருந்து ஊர்த் தேர்தலில் குடியிருப்போர் எவரும் வாக்களிக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் பெற்றோர்களுக்குப் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் 2016இல் அவ்வுரிமை கிடைத்தது. நியூயார்க் நகரம் 2021இல் இதற்குச் சட்டம் செய்தது. மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை 2025 மார்ச்சில் செல்லாதென்று தள்ளிவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது புரிகிறது. நான் அதை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

கனடாவோடு ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். டொராண்டோவை ஒட்டிய மார்க்கத்தில் 2006இலேயே லோகன் கணபதி நகர சபைக்குத் தேர்வானார். போரிலிருந்து தப்பி அகதிகளாகப் போன ஈழத்தமிழர்கள் பலர் சில ஆண்டுகளில் குடியுரிமை பெற்று, ஓட்டாகி, உறுப்பினர்களும் ஆனார்கள். கையில் வேலையோடும் பட்டத்தோடும் வந்த நாம் வரிசையில் நிற்கிறோம். அரசியலில் நாம் இல்லாததற்குப் பண்பாட்டைக் காரணமாகச் சொல்வது வழக்கம். பாதிக் காரணம் வெறும் தேதிதான்.

மீதிப் பாதிக்கு அக்கா போன்றவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லியும் இருக்கிறார்கள். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த உபேந்திர சிவுகுலா, நியூஜெர்சியின் பிராங்க்ளின் டவுன்ஷிப்பில் மன்ற உறுப்பினராகத் தொடங்கி 2000இல் மேயரானார், பிறகு மாநிலச் சட்டசபைக்குப் போனார். மென்பொருள் பொறியாளராக இருந்து பொருளாதாரத்துக்கு மாறிய, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த் 2013இல் சியாட்டில் நகரமன்றத்துக்குத் தேர்வானார். அவர் இருந்த காலத்தில்தான் அங்கே 15 டாலர் குறைந்தபட்சக் கூலி வந்தது. 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரமானதும் சியாட்டில்தான். அவருடைய அரசியலோடு உங்களுக்கு ஒத்துப்போகலாம், போகாமலிருக்கலாம். ஒரு நகரமன்ற நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம் கை நீட்டலாம் என்பதற்கு அது சாட்சி.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பெல் என்ற ஏழைப் புறநகர். எங்கள் ஊரைவிடச் சற்றுப் பெரியது. பெரும்பாலோர் குடியேறிகள், ஓட்டு இல்லாதவர்கள் பலர். 2005இல் அங்கே ஒரு சிறப்புத் தேர்தல் நடந்தது. மன்ற உறுப்பினர் சம்பளத்துக்கு மாநிலம் வைத்த வரம்பிலிருந்து ஊரை விடுவிக்கும் தீர்மானம். வாக்களித்தவர்கள் நானூறு பேருக்கும் குறைவு. 2010இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் தோண்டியபோது நகர மேலாளரின் ஆண்டுச் சம்பளம் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர், பகுதிநேர உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டு மக்கள் மன்றத்தையே திரும்ப அழைத்து வெளியேற்றினார்கள். மேலாளருக்கு 2014இல் 12 ஆண்டுச் சிறை. யாரும் கவனிக்காமலே இவை நடந்தன என்பதுதான் இதில் பயங்கரம். பெரும்பாலான புறநகர்களுக்கென்று இன்று பத்திரிகையும் இல்லை, நிருபரும் இல்லை.

*

எங்கள் ஊரில் இரண்டு இடங்களுக்கு நால்வர் போட்டியிட்டார்கள். கலிபோர்னியாவில் தபால் ஓட்டுகளை எண்ணி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். முதல் நாள் இரவு அக்கா இரண்டாம் இடம். அடுத்த வாரம் மூன்றாமிடம், மறுபடி இரண்டு. டிசம்பர் தொடக்கத்தில் கவுன்ட்டி அறிவித்த முடிவில் மூன்றாமிடம். வித்தியாசம் நூறு ஓட்டுக்கும் குறைவு.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஜனாதிபதிக்குப் போட்டுவிட்டு, சீட்டைத் திருப்பி நகரமன்றம் வரும் பக்கத்துக்கு வராமலே மடித்து அனுப்பியவர்களின் கணக்கு. அக்கா தோற்ற வித்தியாசத்தைப் போல அது பல மடங்கு. அவர்கள் எல்லோரும் தமிழர்கள் இல்லை. எல்லோரும் அக்காவுக்கே போட்டிருப்பார்கள் என்றும் இல்லை. அந்தப் பிறந்தநாள் விருந்தில் எலக்டோரல் கணக்கு ஒப்பித்த ஒருவர் மட்டும் தானாகவே என்னிடம் சொன்னார்: "பின்பக்கம் ஒண்ணு இருந்துச்சா? கவனிக்கலியே." அவர் ஓட்டு கலிபோர்னியாவில் ஜனாதிபதியை மாற்றியிருக்காது. எங்கள் ஊரில் அவரைப் போல இன்னும் நூறு பேர் போதுமாயிருந்தது.

மினுக்கும் மஞ்சள் விளக்கு அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் வந்தது. அக்காவைத் தோற்கடித்தவரே தீர்மானத்தை முன்மொழிந்தார். பிரச்சாரத்தில் மூன்று மாதம் அதையே பேசியதால் யாரும் அதைத் தட்ட முடியவில்லை. தோற்ற வேட்பாளரும் நிகழ்ச்சி நிரலை எழுத முடியும் என்பது எனக்குப் புதிய பாடம். அபார்ட்மென்ட் விவகாரம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

குடியுரிமை உள்ள வாசகர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. நிற்கச் சொல்லவில்லை, நின்றால் மகிழ்ச்சி. சீட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். உங்கள் தெருவில் அடுத்த மூன்று வீட்டுக்காரர்களுக்கு ஓட்டு இல்லாமலிருக்கலாம். அவர்கள் பிள்ளைகளும் அதே தெருவைத்தான் தாண்டுகிறார்கள்.

என்னைப் போல வரிசையில் நிற்பவர்களுக்கு: கலிபோர்னியாவில் 2019இல் வந்த ஒரு சட்டப்படி, நியமனப் பதவிகளுக்குக் குடியுரிமை தேவையில்லை. நூலகம், பூங்கா, போக்குவரத்து என்று ஊருக்கு ஊர் குழுக்கள் இருக்கின்றன. பல ஊர்களில் விண்ணப்பிக்க ஆளில்லாமல் தேதியை நீட்டிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் போக்குவரத்துக் குழுவுக்கு நான் மனுப் போட்டிருக்கிறேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். அக்காவிடம் சொன்னபோது, "மூணு நிமிசத்துக்குள்ள பேசிப் பழகு. போன தடவ சிவப்பு விளக்கு எரிஞ்சும் நீ நிறுத்தல" என்றார்.